பாதிப் பாட்டுக்காரர்கள்

"அப்பா, உங்க பாட்டு மட்டும் ஏன் பாதியிலயே நின்னுடுது?" என்று உட்கரு நாட்டில் ஒரு சிறுமி ஒருநாள் கேட்டாள்.

பரஞ்சோதி சிரித்தார். "மீதியப் பாடத்தான் உன் அத்தை இருக்காளே, பூவிழி!"

பக்கத்து வீட்டுச் சன்னலில் அத்தை திலகவதிக்கும் சிரிப்பு வந்தது.

அவர்கள் ஆக்டின் குலத்தார். முன்னோர் விட்டுச்சென்ற ஒரே பாட்டுதான் எல்லா வீட்டுக்கும் சொத்து. அதை முழுதாகப் பாடினால் கோட்டைக்கு வெளியே நெசவாளர்கள் அதன்படி இழை நெய்வார்கள். நாட்டின் சுவர்கள் அந்த இழையால் நின்றன. தலைமுறைகளாகப் பிரதியெடுத்ததில் சில வீடுகளில் பிழை புகுந்து, பாட்டு நடுவில் அறுந்திருந்தது. அந்த வீட்டாருக்குப் போலிகள் என்று பெயர்.

இழை மிகுந்துவிடாதிருக்க அரசர் வாயடைப்புக் காவலர்களை வைத்திருந்தார். முதல் அடி எந்த வாயிலிருந்து கேட்டாலும், அந்த வாயை அன்றைக்குப் பூட்டிவிட்டு வீடு திரும்புவது அவர்கள் வேலை.

"மகாராஜா, ஒரு முழம் இழைக்கும் உதவாத வாய்கள் நம் தானியத்தைத் தின்கின்றன" என்றார் மகாமந்திரி. போலிகளுக்குத் தானியம் நின்றது. இழை கூடவில்லை. "ஆகவே, அவர்கள் காற்றையும் வீணாக்குகிறார்கள்" என்றார். போலிகளின் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். பரஞ்சோதி அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. பூவிழியைத் திலகவதி தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டாள்.

இப்போது காவலர்கள் அத்தனை பேரும் திலகவதியின் சன்னலுக்கே வந்தார்கள்.

"ஏம்ப்பா, முன்னெல்லாம் எங்க போயிருந்தீங்க?"

"பக்கத்து வீட்டுலயே எங்க பூட்டெல்லாம் தீந்துடும்மா. அவரு வாயத் தொறந்தா முதல் அடி உங்க பாட்டேதானே!"

இத்தனை காலம் யார் வாய் பூட்டுண்டதால் தான் பாடினோம் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

இழை நின்றது. கிழக்குச் சுவர் சாய்ந்தது. "எதிரிகள் இல்லாததால் சுவர் ஓய்வெடுக்கிறது" என்று மகாமந்திரி விழா எடுத்தார். பிறகு, நாளை மாலைக்குள் முழுப்பாட்டு கேட்காத வீடுகளும் போலிகளே, அவற்றின் சன்னல்களும் அடைக்கப்படும் என்று ஆணையிட்டார்.

அத்தை பாடக் கேட்டுக் கேட்டே முழுப்பாட்டும் பூவிழிக்கு வந்திருந்தது. "நான் பாடவா, அத்தை? பூட்டிட மாட்டாங்களா?"

"நீ பாடு கண்ணு. நான் கடைக்குப் போயிட்டு வந்துடுறேன்."

திலகவதி கோட்டையின் மறுகோடிக்கு நடந்து, ஆளில்லாத சந்தில் நின்று முதல் அடியை உரக்கப் பாடினாள். காவலர்கள் எல்லோரும் அங்கே ஓடி, வழக்கம்போலப் பூட்டிவிட்டு, வேலை முடிந்ததென்று வீடு திரும்பினார்கள்.

அன்று இழை பெருகியது தம் ஆணையால்தான் என்று மகாமந்திரி பறையறைவித்தார். சந்தில் தனியே நின்றிருந்த திலகவதி, தூரத்தில் பூவிழியின் பாட்டு, அவள் அப்பாவுக்கு அறுந்த இடத்தைத் தாண்டிப் போவதைக் கேட்டாள். பரஞ்சோதியை நினைத்துக் கைகூப்பிவிட்டு, மறுநாளும் வர வேண்டிய வழியைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.