கவிதாவின் வயிற்றுக் குழாயும் என் கைவரிசையும்

யாராவது எனக்கு ஒரு வேலையைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே என் காது மூடிக்கொள்ளும். தலை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். பிறவிக் குணம். வயது எழுபதைத் தாண்டியும் போகவில்லை. இந்தக் குணத்தால் நான் பட்ட அவமானங்கள் ஏராளம் என்றாலும், எண்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல்லில் ஒரு முகூர்த்த நாள் மத்தியானம் நடந்ததற்கு முன்னால் மற்றதெல்லாம் தூசு.

அப்போது நான் டீசல் பம்ப் மெக்கானிக். வீட்டை ஒட்டியே ஷெட். லாரி ஷெட்டுக்குள் நுழையும்போதே சத்தத்தை வைத்து எந்தக் குழாயில் அடைப்பு என்று நான் சொல்லிவிடுவதாக டிரைவர்கள் பேசிக்கொள்வார்கள். (அப்படிப் பேசிக்கொள்வதாக நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.)

எங்களுக்கு ஒரே மகள், கவிதா. ஐந்து வயது. பம்ப் பாகங்களில் பிடித்த பிசுக்கை எடுக்கக் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து வைப்பது வழக்கம். ஒரு நாள் அதை ஒரு காலிக் கலர் சோடா பாட்டிலில் ஊற்றி ஷெட் ஜன்னலில் வைத்தேன். பிள்ளை அதைக் கலர் என்று நினைத்து ஒரு வாய் குடித்துவிட்டாள். உயிர் பிழைத்தது பெரும் புண்ணியம். ஆனால் தொண்டைக்குக் கீழே உணவுக்குழல் வெந்து சுருங்கிவிட்டது. எச்சில் இறங்கவே சிரமம். சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "கொஞ்சம் கொஞ்சமா விரிச்சு வழி பண்ணிடலாம். ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் வயித்துல நேரா சாப்பாடு குடுக்கணும்."

அப்படித்தான் அந்தக் குழாய் எங்கள் வீட்டுக்கு வந்தது. பழுப்பு நிற ரப்பர் குழாய். தொப்புளுக்கு மேலே இடது பக்கம் ஒரு ஓட்டை வழியாக வயிற்றுக்குள் போயிருக்கும். உள்ளே இருக்கிற நுனி குடை மாதிரி விரிந்திருப்பதால் வெளியே நழுவாது. வெளியே ஒரு சாண் நீளம் தொங்கும்; அதை மடித்துக் கிளிப் போட்டு வைக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் பெரிய கண்ணாடி ஊசிக்குழலைப் பிஸ்டன் இல்லாமல் அதில் சொருகி, உயரத் தூக்கிப் பிடித்து, கஞ்சித் தண்ணீரையோ பாலையோ தானாக இறங்க விட வேண்டும்.

வார்டில் இதையெல்லாம் கற்றுக்கொடுத்தது ஸ்டெல்லா சிஸ்டர். என் மனைவி சரசு ஒவ்வொன்றையும் திரும்பச் செய்து காட்டித் தேறினாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து நான்கு மாதம் சரசு எங்கேயும் நகரவில்லை. துணியில் இரண்டு தரம் வடிகட்டுவாள். ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் காய்ச்சி ஆறிய தண்ணீர் விடுவாள். ஓட்டையைச் சுற்றித் தோல் வெந்துபோகாமல் வெள்ளைக் களிம்பு தடவுவாள். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு சாண் குழாய்க்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பேன். அவள் பாட்டுக்கு வடிகட்டிக்கொண்டிருப்பாள். அந்த பாட்டிலை ஜன்னலில் வைத்தது நான் என்பதையும் அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. வைதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவளுடைய சித்தப்பா மகளுக்குத் தம்மம்பட்டியில் கல்யாணம் வந்தது. போக மாட்டேன் என்றவளை நான்தான் வற்புறுத்தி அனுப்பினேன்.

"ஏனுங்க, செவுத்துல எல்லாம் எழுதி ஒட்டியிருக்கறனுங்க. ஒருக்கா படிச்சுப் பாருங்க" என்றாள், வாசலில் நின்று.

"அட, போ சரசு. லாரிக்கே வைத்தியம் பாக்கறவன் நான்."

காலையில் ஒன்பது மணிக்குப் பால் ஊற்றினேன். பிரமாதமாக இறங்கியது. அதோடு விட்டிருக்கலாம். பன்னிரண்டு மணிக்குச் சேந்தமங்கலத்திலிருந்து என் அக்கா கையில் தூக்குப்போசியோடு வந்து இறங்கினாள். பிள்ளையைப் பார்த்ததும் கண்ணீர்.

"என்றா தம்பி, புள்ள குச்சியாட்டம் இருக்குது. வெறுந்தண்ணிய ஊத்துனா எப்புடிறா தேறும்? கேவுரு காச்சி வெல்லம் போட்டுக் கொண்டாந்துருக்கறேன். கொஞ்சம் கெட்டியா இருந்தாத்தான் ஒடம்புல ஒட்டும்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. சரசு தண்ணீரையே ஊற்றுகிறாளே என்று எனக்கும் ஒரு குறை இருந்தது.

"அப்பா, அம்மா வடிகட்டித்தானுங்க ஊத்துவாங்க" என்றாள் கவிதா, பாயில் படுத்தபடி.

"இது அத்தை காச்சுனது சாமி. கட்டியே இருக்காது."

இருந்தது. ஊசிக்குழலில் பாதி இறங்கி, கேழ்வரகு அப்படியே நின்றுவிட்டது. தூக்கிப் பிடித்தேன். இன்னும் தூக்கினேன். முக்காலி மேல் ஏறி நின்று தூக்கப் பார்த்தேன். குழாய் அவ்வளவு நீளம் இல்லை என்பது ஏறிய பிறகுதான் தெரிந்தது. ஊசிக்குழலின் பிஸ்டனைச் சரசு ஏன் தகர டப்பாவுக்குள் பூட்டாத குறையாக வைத்திருக்கிறாள் என்று யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. டப்பாவைத் திறந்து, எடுத்துப் போட்டு, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினேன்.

குழாயும் ஊசிக்குழலும் சேர்ந்த இடம் பட்டென்று விட்டுக்கொண்டது. கேழ்வரகு முழுவதும் அக்காவின் முகத்திலிருந்து முந்தானை வரை தெறித்தது. அவள் கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற பட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மூக்கின் மேல் ஒரு கட்டி நின்றது. (கட்டியே இருக்காது என்று சொன்னேன் அல்லவா.) கவிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான்கு மாதத்தில் அப்படிச் சிரித்தது அன்றுதான். அந்தச் சிரிப்பு எனக்குத் தைரியம் கொடுத்துவிட்டது.

"காத்து அடைச்சிருக்குதுக்கா. லாரிலயும் இப்புடித்தான் வரும்" என்று சொல்லிக்கொண்டே மூலையில் சாத்தியிருந்த சைக்கிள் பம்பைப் பார்த்தேன். பார்த்தது மட்டும்தான். ஒரு கை போய் அதைத் தொட்டும்விட்டது என்று அக்கா பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். அது எனக்கு ஞாபகமில்லை.

கவிதா சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்பா, நான் சைக்கிள் இல்லீங்க."

அந்த ஒரு வார்த்தையால் பம்ப் தப்பித்தது. அதாவது, பிள்ளை தப்பித்தாள். சரி, காற்று வேண்டாம், குழாயைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்தால் அடைப்பு இளகும் என்று என் தொழில் புத்தி சொன்னது. ஒரு விரல் அளவு இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம். கவிதா "ஸ்ஸ்" என்றாள். உள்ளே எதுவோ வழுக்கிய மாதிரி இருந்தது. அடுத்த நொடி குழாய் முழுவதும், குடை நுனியோடு, என் கையில் இருந்தது.

மூன்று பேரும் அதையே பார்த்தோம். கவிதாவின் வயிற்றில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதிலிருந்து காலையில் ஊற்றிய பால் மெல்ல வழிந்தது.

அப்போதுதான் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தேன். முதல் வரி: கெட்டியாக எதுவும் ஊற்றக் கூடாது. இரண்டாவது: பிஸ்டன் போட்டுத் தள்ளக் கூடாது. மூன்றாவது: குழாயை இழுக்கக் கூடாது. நான் வரிசை மாறாமல் செய்திருந்தேன். கடைசி வரியைச் சிவப்பு மையால் எழுதியிருந்தாள்: "குழாய் வெளியே வந்துவிட்டால் சில மணி நேரத்தில் ஓட்டை மூடிக்கொள்ளும். தகர டப்பாவை எடுத்துக்கொண்டு உடனே சேலம் போக வேண்டும்."

மணி ஒன்றே கால்.

ஷெட்டில் ஆறுமுகம் என்கிற டிரைவரின் லாரி நின்றது. அன்று காலைதான் அதற்குப் பம்ப் மாட்டி முடித்திருந்தேன். துணியை மடித்து வயிற்றில் வைத்துக் கட்டி, கவிதாவைத் தூக்கி, அக்காவையும் டப்பாவையும் ஏற்றினேன்.

"ஓட்டிப் பாத்துட்டீங்களா மெக்கானிக்கு?" என்றார் ஆறுமுகம்.

"இப்பப் பாத்துக்கலாம், எடுங்க."

புதுச்சத்திரம் வரைக்கும் நன்றாகத்தான் போனது. ஆண்டகளூர் கேட் வந்ததும் இரண்டு தரம் குலுங்கி, நாற்சந்தி நடுவில் நின்றுவிட்டது. டீசல் குழாயில் காற்று. என் கையால் மாட்டியது. அவசரத்தில் காற்றை முழுவதும் வெளியேற்றாமல் விட்டிருந்தேன். ஆறுமுகம் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். அவருக்கு இருந்த பொறுமை உலகத்தில் யாருக்கும் வராது. நான் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். ஸ்பேனர் இரண்டு தரம் கீழே விழுந்தது.

அந்த நேரத்தில் ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு பஸ் வந்து கேட்டில் நின்றது. தம்மம்பட்டியிலிருந்து நாமக்கல் போகிற பஸ். முதல் பந்தியில் சாப்பிட்டு, மனது கேட்காமல், தாம்பூலம் வாங்கிய கையோடு பஸ் ஏறியிருந்த சரசு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே பார்த்தால் லாரி கேபினில் மகள். பக்கத்தில் முகமெல்லாம் கேழ்வரகு காய்ந்துபோன நாத்தனார். பானெட்டுக்குள் புருஷன்.

நான் நிமிர்ந்தபோது தலையில் மல்லிகையோடு எதிரே நின்றாள்.

"எத்தன மணிக்குங்க வந்துச்சு?"

"என்ன வந்துச்சு?" என்றேன். (அந்த நேரத்திலும் நான் அப்படித்தான்.)

"கொழாயிங்க."

"ஒன்னே கால்."

சரசு ஆறுமுகத்தின் கேனில் தண்ணீர் வாங்கி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, கேபினில் ஏறி டப்பாவைத் திறந்தாள். அதற்குள் கொதிக்க வைத்துத் துணியில் சுற்றிய சின்னக் குழாய் ஒன்று இருந்தது. ஓட்டை மூடாமல் இருக்க இதைச் சொருகி வைக்க வேண்டும் என்று ஸ்டெல்லா சிஸ்டர் கற்றுக்கொடுத்திருந்தாராம். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன்.

"பொண்ணு பச்சப் பட்டு கட்டியிருந்துச்சு சாமி" என்று ஆரம்பித்தாள் சரசு, பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. "மாப்பிள்ளைக்கு மால போடறப்ப எட்டவே இல்ல. முக்காலி கொண்டாந்து போட்டாங்க."

"அப்புறமுங்க?"

"அப்புறம் மாப்பிள்ள குனிஞ்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

அதற்குள் குழாய் இரண்டு விரற்கடை உள்ளே போய், மேலே பிளாஸ்திரியும் ஒட்டியாகிவிட்டது. கவிதா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்யாணக் கதையில் இருந்தாள். நான்தான் பானெட்டுக்குப் பின்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். டீசல் கையால் துடைத்ததால் கண் இன்னும் எரிந்தது.

ஒரு வழியாக லாரி கிளம்பிச் சேலம் போய்ச் சேர்ந்தோம்.

"யார் இழுத்தது?" என்றார் ஸ்டெல்லா சிஸ்டர். கவிதா பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை. விரலை மட்டும் என் பக்கம் நீட்டினாள். டாக்டர் பத்து நிமிடத்தில் புதுக் குழாய் போட்டுவிட்டார். "அந்தச் சின்னக் குழாய் போடலேன்னா மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் போயிருக்கணும்" என்று சரசுவிடம் சொன்னார்.

வராந்தா பெஞ்சில் சரசுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதுவரைக்கும் வாயில் வராத ஒன்று வந்தது.

"அந்த பாட்டில ஜன்னல்ல வெச்சதும் நான்தான் சரசு."

"தெரியுமுங்க." மல்லிகையைத் தலையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அதுக்கோசரம் நீங்களே எல்லாஞ் செய்யோணும்னு இல்லீங்க. சொல்றதக் கேட்டாப் போதும்."

வைதது போலவும் இருந்தது, வையாதது போலவும் இருந்தது. அன்று முதல் தடவையாக இரண்டாவது வாக்கியத்தையும் முழுவதும் கேட்டேன்.

கிளம்பும்போது ஸ்டெல்லா சிஸ்டர் கவிதாவின் ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி, மருந்து எழுதியதற்குக் கீழே ஒரு வரி எழுதினார்: "தகப்பனார் குழாயில் கை வைக்கக் கூடாது." சீட்டைக் கவிதாவின் கையிலேயே கொடுத்து அனுப்பினார்.

எழுதியதோடு நின்றாலும் பரவாயில்லை. அதன்பின் ஒவ்வொரு செக்கப்புக்கும் வார்டு நடுவில் நிற்கவைத்து, மற்றப் பிள்ளைகளின் தாய்மார்கள் பார்த்துக்கொண்டிருக்க, என்னைத் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்வார். முதல் இரண்டு தரம் தோற்றேன். மூன்றாவது தரம் தேறினேன். அடுத்த மாதம் சரசு டைபாய்டில் படுத்தபோது பத்து நாள், ஒரு வேளை தவறாமல், ஒரு கட்டி இல்லாமல், நான்தான் ஊற்றினேன். துணியில் மூன்று தரம் வடிகட்டினேன். சரசு படுக்கையிலிருந்தபடியே "ரெண்டு தரம் போதுமுங்க" என்று சொல்லுகிற அளவுக்குப் போனேன்.

அந்தத் தைரியத்தில் அடுத்த செக்கப்பில் சிஸ்டரிடம் கேட்டேன். "பத்து நாளா நான்தானுங்க சிஸ்டர் பாத்துக்கிட்டேன். அந்த வரிய அடிச்சுடலாமுங்களா?"

சிஸ்டர் பேனாவைத் திறந்தார். பிறகு கவிதாவைப் பார்த்து, "நீ சொல்லு, அடிச்சுடலாமா?" என்றார்.

கவிதா நன்றாக யோசித்தாள். என் முகத்தையும் பார்த்தாள்.

"இருக்கட்டுங்க சிஸ்டர்" என்றாள்.

அடுத்த வருஷம் குழாயை எடுத்துவிட்டார்கள். வாயால் முதலில் சாப்பிட்டது அரை இட்லி. அதைச் சாப்பிட முக்கால் மணி நேரம் ஆனது. இப்போது அவளுக்கே பேரன் எடுக்கிற வயது நெருங்குகிறது. சீட்டு மட்டும் சரசுவின் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. வீட்டில் மிக்சி நின்றாலும், டிவி நின்றாலும், நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கிட்டே போனால் போதும், மருமகனிலிருந்து பேத்தி வரைக்கும் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்கள்: "சீட்டுல எழுதியிருக்குதுங்க." நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிடுகிறேன்.