லேப்டாப்புக்குச் சவுண்டு கூட்டித் தருகிறவர்

உலகத்தில் வைத்தியர்கள் பல வகை. பல் வைத்தியர், கண் வைத்தியர், மாட்டு வைத்தியர் என்று எல்லாரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் நாமாகத்தான் போக வேண்டும், போனாலும் வரிசையில் உட்கார வேண்டும். நான் சொல்லப்போகிறவர் அப்படியில்லை. கூப்பிடாமலே வருவார், கட்டணம் கேட்கமாட்டார், வந்தால் போகவும் மாட்டார். சவுண்டு வைத்தியர் என்று இந்த இனத்துக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். உங்கள் வீட்டு லேப்டாப்பில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே நுழைவார். சாப்பிட்டீங்களா கிடையாது, பிள்ளைகள் சௌக்கியமா கிடையாது. தலையை ஒரு பக்கம் சாய்ப்பார், ஒரு கண்ணை மூடுவார், கேட்கக்கூடாத சேதியைக் கேட்டுவிட்ட முகத்தோடு கொஞ்ச நேரம் நிற்பார், அப்புறம் அந்தக் கேள்வி வரும்: "எத்தனை நாளா இப்படி இருக்கு?" அதுவரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்த லேப்டாப் அந்த நிமிஷத்திலிருந்து நோயாளி. நீங்கள் நோயாளியின் உறவினர். பேசாமல் ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

இவர் பாட்டு கேட்கமாட்டார். சவுண்டு கேட்பார். இரண்டும் ஒன்றுதானே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தப் பாட்டிலும் பல்லவியைத் தாண்டி இவர் போனதில்லை. தொடக்கத்தில் வருகிற தபேலா தனியாகப் பிரிந்து கேட்கிறதா என்று பார்ப்பார், கேட்டால் நிறுத்திவிட்டு அடுத்த பாட்டைப் போடுவார், கேட்காவிட்டால் நிறுத்திவிட்டு லேப்டாப்பைக் கவிழ்த்துப் போடுவார். படம் பார்த்துவிட்டு வந்த இவரிடம் கதை என்ன என்று கேட்டுப் பாருங்கள். இடது பக்கம் பின்னாலிருந்து ஒரு இடி வந்த அழகைச் சொல்வார். கடைசியில் செத்தது கதாநாயகனா வில்லனா என்பது அவருக்குத் தெரியாது. எங்கள் தெருவில் ஒரு துக்க வீட்டில் பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தபோது, என் காதருகே குனிந்து, மைக் செட்டுக்காரர் ட்ரெபிளைக் கூட்டி வைத்துவிட்டார் என்று வருத்தப்பட்டவரும் இவர்தான்.

எங்கள் மலையூர் நாயுடுபுரத்தில் எனக்கு வாய்த்த வைத்தியரின் பெயர் ராஜ்மோகன். மேல் வீட்டில் அறை எடுத்துத் தங்கி, காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை. கையில் காசு நிற்காது. ஆகவே இவருடைய வைத்தியம் எல்லாம் கைவைத்தியம். கடையில் விற்கிற பெரிய ஸ்பீக்கர் கொடுக்காத சவுண்டை ஒரு எவர்சில்வர் சட்டி கொடுக்கும் என்று நம்புகிறார். நம்பிக்கை அவருடையது, சட்டி நம்முடையது. எங்கள் வீட்டில் அவர் போனை இறக்கிப் பார்க்காத பாத்திரம் இல்லை. சோறு வடிக்கப் பானையை எடுத்தால் அடியில் யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு ஏரிப் பக்கம் ஸ்வெட்டரும் குல்லாயும் விற்கிற சோலி. எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நூறு வயசு என்று வாழ்த்தலாம். அங்கே இருப்பது காசிநாதன் அண்ணன் குடும்பம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து இந்த மலையில் தங்கியவர்கள். அண்ணன் கேரட் தோட்டத்து வேலைக்குப் போகிறார். அவர் சம்சாரம் லெட்சுமி அக்கா. மகள் தேவகுமாரி நர்சிங் முடித்து, இங்கேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டியூட்டி பார்த்துக்கொண்டு, ஜெர்மனிக்குப் போக வேண்டும் என்று ஜெர்மன் மொழி படிக்கிறாள்.

படித்தாள் என்றால் சும்மா இல்லை. எழுதுவதில் தேறிவிட்டாள், வாசிப்பதில் தேறிவிட்டாள், பேசுவதிலும் தேறிவிட்டாள். பேசுகிறதைக் காதால் கேட்டுப் பதில் எழுதுகிற பாகத்தில் மட்டும் போன தடவை கோட்டை விட்டுவிட்டாள். இந்தத் தடவை அதிலும் தேறினால் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை தயார். தேறாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். இயர்போனை மாட்டிக்கொண்டு படிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பரீட்சை ஹாலில் ஸ்பீக்கரில்தான் போடுவார்களாம். அதனால் ஸ்பீக்கரிலேயே கேட்டுப் பழகு என்று அவளுடைய டீச்சர் கண்டித்துச் சொல்லியிருந்தார். ஆகவே தினமும் காலையில், அவளுடைய அண்ணன் வெளியூர் வேலைக்குப் போனபோது விட்டுப்போன பழைய லேப்டாப்பில் ஒரு ஜெர்மன்காரர், எந்த ரயில் எந்த பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று, வாயில் துணி அடைத்த குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தக் குரல் ஒரு நாள் மாடிப்படி வரை போய்விட்டது. வைத்தியர் இறங்கி வந்துவிட்டார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும், பிள்ளை கெட்டிக்காரர்தான். தேவகுமாரி கட்டிலில் கம்பளிக்குள் கால்களை விட்டு, லேப்டாப்பைக் கம்பளி மேலேயே வைத்திருந்தாள். இந்த ஊர்க் குளிரில் எல்லாரும் செய்கிற காரியம். ராஜ்மோகன் அதைத் தூக்கி அடியைக் காட்டி, "சவுண்டு வர்ற ஓட்டை ரெண்டும் இங்கன கெடக்கு. கம்பளி எல்லாத்தையும் குடிச்சுருதுக்கா" என்றார். தூக்கி ஒரு மரப் பலகை மேல் வைத்தார். அவ்வளவுதான். ஜெர்மன்காரர் வாயிலிருந்த துணியை எடுத்துவிட்டார். எனக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையும் முழுசாகத் தடுப்பைத் தாண்டி வந்தது. அந்த நிமிஷமே ராஜ்மோகன் எழுந்து மாடிக்குப் போயிருந்தால் அவர் படத்தைக் கடையில் மாட்டி மாலை போட்டிருப்பேன்.

போவாரா? குணமான நோயாளியைப் பார்த்தால் இந்த இனத்துக்கு எவ்வளவு வருத்தம் தெரியுமா?

மறுநாள் பலகை போதாது என்றார். உள்ளே காற்று நிற்கிற மரம் வேண்டுமாம். காலிப் பேரிக்காய்ப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து லேப்டாப்பை அதன் மேல் ஏற்றினார். ஏற்றியதும் அறையில் எக்கோ அடிக்கிறது என்றார். அதற்குப் பூண்டு விளைகிற பூம்பாறைக்குப் போய்ப் பழைய பூண்டுச் சாக்குகளை இரவல் வாங்கி, பஸ்ஸில் ஏற்றி வந்து, நாலு சுவரிலும் ஆணியடித்துத் தொங்கவிட்டார். எக்கோ போயிற்று, வாசம் வந்தது. தேவகுமாரி ஊசி போடப் போன இடத்தில், சிஸ்டர், காலையில பூண்டுக் குழம்பா என்று நோயாளிகள் விசாரித்தார்களாம். லெட்சுமி அக்கா ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் பூண்டு.

பிறகு ஏதோ ஒரு இலவசச் சாஃப்ட்வேரை ஏற்றி, வரிசையாக நிற்கிற கோடுகளை மேலே தள்ளி, கீழே தள்ளி, தம்தம் என்று அடிக்கிற பேஸைக் கூட்டினார். என் பக்கம் அலமாரியில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. வேலை முடிந்து வந்த காசிநாதன் அண்ணன் வாசலிலேயே நின்று, யாரு கெணத்துக்குள்ள விழுந்துட்டது என்று கேட்டார். ராஜ்மோகனுக்கு அது பாராட்டு.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த ஜெர்மன்காரரை ஒரு நாளும் இவர் முழுதாகப் பேச விட்டதில்லை. ரயில் தாமதம் என்று அவர் தொடங்குவார்; எத்தனை நிமிஷம் என்று சொல்வதற்குள் இவர் நிறுத்தி, ஒரு கோட்டைத் தள்ளி, மறுபடி முதலிலிருந்து போடுவார். கேள்விகள் இருப்பது பின்னால்; இவர் இருப்பது முன்னால். தேவகுமாரி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். எனக்கு வார்த்தை கேட்டால் போதும் மோகன் என்றாள். பரீட்சை அடுத்த வாரம் என்றாள். இரண்டு தடவையும் அவர் தலையாட்டினார்; பேஸுக்கு ஆட்டினாரா அவளுக்கு ஆட்டினாரா என்று யாருக்குத் தெரியும்?

விரட்டியிருக்கலாமே என்று எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் சண்டைக்கு வருகிறவரை விரட்டலாம், உதவிக்கு வருகிறவரை என்ன சொல்லி விரட்டுவது? காசு வாங்காமல், காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு, முழங்காலில் நின்று வேலை செய்கிற பிள்ளை. லெட்சுமி அக்கா வேறு, பாவம் தம்பி என்று தேத்தண்ணி போட்டுக் கொடுத்து இன்னும் கெட்டியாக உட்கார வைத்தார்.

கடைசியில் ஒரு நாள் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். ஸ்பீக்கருக்குள் தூசி அடைத்திருக்கிறதாம், பெயின்ட் பிரஷால் தட்டிவிட்டால் போதுமாம். தேவகுமாரி வேண்டாம் என்று சொன்னதை நானே கேட்டேன். அவர் அடிப்பலகையைக் கழற்றிவிட்டார். தட்டினார், ஊதினார், மூடினார், போட்டார். ஒன்றும் வரவில்லை. முடி மாதிரி மெல்லிசாக இருந்த ஒயர் எங்கேயோ அறுந்துவிட்டது. அப்போது அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"பாத்தீங்களாக்கா, முன்னாடி இருந்த அந்தக் கரகரப்பு இப்ப சுத்தமா இல்ல."

தேவகுமாரி வெளியே போய், குழாயைத் திறந்து, அந்த ஐஸ் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழுவினாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தடுப்புப் பலகையை ஒரு உதை உதைத்தேன். ராஜ்மோகன் அந்தப் பக்கமிருந்து, நல்ல மரம் அண்ணே, அதிர்வு அப்படியே வருது என்றார்.

மிச்சமிருந்த நாட்களில் தேவகுமாரி அம்மாவின் பழைய போனில்தான் படித்தாள். வெள்ளனே எழுந்து, தகரக் கூரையில் மழை சடசடவென்று கொட்டக் கொட்ட, அந்த உடைந்த குரலோடு மல்லுக்கட்டினாள். சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்து, ஹாலில் ஸ்பீக்கர் கரகரவென்று இருந்ததென்றும், மற்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்களென்றும், தனக்கு மட்டும் நம்ம வீடு மாதிரியே இருந்ததென்றும் சொன்னாள். ஆனால் தேறுவேனா தெரியாது என்று அழுதாள். ராஜ்மோகன் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. தான் கொடுத்த ட்ரெய்னிங் என்று மாடி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ரிசல்ட் வந்த மதியம் நல்ல மழை. ஏரிப் பக்கம் ஒரு டூரிஸ்ட் இல்லை என்று நான் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் இருந்தேன். ராஜ்மோகனும் அந்தப் பக்கம்தான் இருந்தார். லெட்சுமி அக்காவின் போன் அடித்தது, ஆஸ்பத்திரியிலிருந்து தேவகுமாரி. மழைச் சத்தத்தில் அக்காவுக்குக் கேட்கவில்லை, ஸ்பீக்கரில் போட்டார். அம்மா, ரிசல்ட் வந்துருச்சு என்று தொடங்கியது குரல்.

"குடுங்க ஆன்ட்டி, சவுண்டு அமுங்குது" என்று ராஜ்மோகன் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

பக்கத்தில் இருந்த எவர்சில்வர் சட்டிக்குள் போனை வைத்து, சட்டியின் வாயைத் தடுப்புப் பலகையோடு அணைத்துப் பிடித்தார். மரம் சவுண்டைத் தூக்கிக் கொடுக்குமாம். தலையைச் சாய்த்து ஒரு கண்ணையும் மூடியிருப்பார், நான் பார்க்காமலே சொல்வேன். மரம் தூக்கித்தான் கொடுத்தது. தூக்கி என்னிடம் கொடுத்தது. என் தோளுக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி கேட்டது.

"பாஸாயிட்டேன்மா. ஒனக்குத்தான் மொதல்ல சொல்றேன், இன்னும் யாருக்கும் சொல்லல. வார்டுல கூப்புடுறாங்க, சாயங்காலம் வர்றேன்."

போன் நின்றது. என்ன சொன்னாள் என்று அக்கா கேட்டார். என்னா கிளியர் ஆன்ட்டி, பக்கத்துல நின்னு பேசுற மாதிரி என்றார் ராஜ்மோகன். என்ன சொன்னாள் தம்பி என்று அக்கா மறுபடியும் கேட்டார். யோசித்துப் பார்க்கிறார், பாவம். எனக்குப் பொறுக்கவில்லை. பாஸாயிட்டாளாம்க்கா, ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்றாளாம் என்று பலகையில் வாயை வைத்துக் கத்தினேன். கத்திய பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. என் பெண்ணுமில்லை, என் பரீட்சையுமில்லை, அந்த முதல் வார்த்தை என் காதில் வந்து விழுந்துவிட்டது.

"அங்கிட்டு ஒங்களுக்குக் கேட்டுச்சாண்ணே? அப்பச் சட்டிய இந்தப் பக்கம் பாத்து வச்சிருக்கணும்" என்றார் ராஜ்மோகன்.

லெட்சுமி அக்கா சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. மெதுவாகச் சொன்னார். "எம்புள்ள கதைச்சத பக்கத்து வீட்டுக்காரரு கேட்டுட்டாரு. நீங்க சவுண்டக் கேட்டுட்டீங்க, தம்பி. நான்தான் ஒண்ணும் கேக்கல."

அதற்குமேல் அவர் சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, அந்த மழையில், ஆஸ்பத்திரிக்குச் சரிவில் வெரசா இறங்கிப் போய்விட்டார், மகள் வாயால் அதை இன்னொரு தடவை சொல்ல வைக்க. ராஜ்மோகன் சட்டியைத் திருப்பி வைத்து விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவையும் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒயர் அறுந்த இடத்தில், ஒரு சால்டரிங் வைத்தால் ஒட்டிவிடுமே என்று உங்களுக்கு ஒரு நினைப்பு ஓடியதா? தேவகுமாரி குழாயடியில் நின்றபோது, அந்த லேப்டாப் எந்த மாடலாக இருக்கும் என்று யோசித்தீர்களா? இல்லை என்றால் சந்தோஷம். ஓடியிருந்தால் ஒன்று செய்யுங்கள்: உங்கள் வீட்டில் யாராவது உங்களிடம் எதையோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, சரி விடு, ஒண்ணுமில்ல என்று எழுந்து போயிருக்கிறார்களா என்று யோசித்துப் பாருங்கள்.