தலைவர் வீட்டு டிரம்மில் வேலைநிறுத்தம்

இனி எந்தக் கம்பெனிக்காரனும் இந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று சொல்லி, எரிவாயு சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் தலைவர். ஆலையில் முப்பது வருஷம் சங்கம் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் தெரு அவரைத் தலைவர் என்றே கூப்பிட்டது. வீட்டில் மட்டும் அந்தப் பதவிக்கு வேறு ஆள் இருந்தது.

பின்பக்கம் ஒரு பெரிய கறுப்பு டிரம். அதைச் சுற்றி ஓடிய வெந்நீர்க் குழாய் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டது. காய்கறிக் கழிவைக் கரைத்து ஊற்றினால் அடுப்புக்கு வாயு வந்தது. பழைய சங்கத்து நண்பர்கள் பத்துப் பேர் அடுத்த மாதம் வருவதாக இருந்தார்கள். சொந்த நெருப்பில் டீ போட்டுக் காட்டுவதாகத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். வாயு குறைந்து மானம் போய்விடக்கூடாதே என்று, கடைத்தெருவில் அழுகிக் கிடந்ததையெல்லாம் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினார்.

அடுப்பு அணைந்தது. டிரம்மிலிருந்து புளித்த வாடை மூக்கைத் துளைத்தது.

"என்னங்க இது, இப்படி நாறுது?" என்றாள் மனைவி.

"அசிட்டிக் அமிலம். உள்ள ரெண்டு வகை நுண்ணுயிர் இருக்கு. ஒண்ணு கழிவைத் தின்னு இந்த அமிலத்தை உண்டாக்கும். இன்னொண்ணுக்குச் சூடுன்னா உயிர். அது அமிலத்தை உடைச்சு மீத்தேன் ஆக்கும். அதுதான் நம்ம வாயு."

"இப்ப அது தூங்குதாக்கும்?"

"அது நிதானமாத்தான் வேலை செய்யும். முதல் வகை அவசரக்குடுக்கை. தீனி கூடினதும் அமிலத்தைக் குவிச்சுத் தள்ளிடுச்சு. அந்தப் புளிப்பு தாங்காம இது கையைக் கட்டிக்கிச்சு."

"சொல்லாம கொள்ளாம வேலையை ஏத்தினது யாரு?"

"நான்தான்."

"ஆலை வாசல்ல நின்னு அந்த மாதிரி ஆளை என்னன்னு திட்டுவீங்க?"

தலைவர் டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம். கொடி இல்லை, கோஷம் இல்லை, வேலை மட்டும் நின்றிருந்தது. அவர் நடத்திய வேலைநிறுத்தம் எதுவும் இத்தனை கட்டுக்கோப்பாக நடந்ததில்லை. ஒவ்வொரு முறையும் எவனாவது ஒருவன் பின்வாசல் வழியாக உள்ளே போயிருந்தான். இங்கே ஒருத்தரும் போகவில்லை. முதலாளிதான் வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"பேச்சுவார்த்தை நடத்திடலாமா?" என்றாள் மனைவி. "அதுங்களுக்கு வாய் கிடையாது. அதுங்க சார்பா நான்."

"சொல்லு."

"சூடு ஏறாம இறங்காம இருக்கணும். புளிப்பு அடங்கறவரை தீனி வேண்டாம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத்தான். முன்கூட்டிக் கேட்காம யாரும் வேலையை ஏத்தக்கூடாது."

"சம்மதம்."

"அடுப்புக்காக உழைக்கிற எல்லாருக்கும்தானே?"

"இதென்ன கேள்வி? உழைக்கிறவங்கள்ல பேதம் பார்க்கிறவனா நான்?" என்று கையை ஓங்கி உயர்த்தினார் தலைவர்.

மின்சார அடுப்பில் சில வாரம் ஓடியது. புளிப்பு மெல்ல அடங்கி, நீலச் சுடர் திரும்ப எழுந்தது. நண்பர்களும் வந்து சேர்ந்தார்கள். தலைவர் அவர்களிடம் சுயசார்பைப் பற்றி ஆவேசமாகப் பேசி முடித்து, சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

"பத்து டீ!"

சமையலறையில் யாரும் இல்லை. மனைவி அவருக்குப் பின்னால், நண்பர்களோடு நண்பராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"பத்து டீன்னு முன்கூட்டிக் கேட்டீங்களா? அடுப்புக்காக உழைக்கிற எல்லாருக்கும்னு நீங்கதானே சம்மதிச்சீங்க?"

நண்பர்கள் எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். ஒப்பந்தத்தை மீறியவர் என்ற பெயரை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை.

"சர்க்கரை எந்த டப்பாவுல இருக்கு?" என்றார்.