கை தூக்காத மாப்பிள்ளை

தராசில் ஏறினால் ஐம்பத்திரண்டு கிலோ காட்டும் ஆணுக்குக் கல்யாணம் நிச்சயமானால் புத்தி கெட்டுப்போகும். அதற்கு நானே சாட்சி.

வலை இழுத்தே தோள் அகன்ற குடும்பத்தில், திருப்போரூருக்கு மனை விற்கப் போன ஒரே ஆள் நான். அளவு டேப்பைவிடக் கனமான எதையும் தூக்கியதில்லை. நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் அண்ணன் சேகர் என் கையைக் குலுக்கினார். மாமல்லபுரத்துப் பக்கம் படகு வைத்திருக்கிறவர். குலுக்கியதோடு விடாமல் என் புஜத்தையும் அழுத்திப் பார்த்தார் (மீன் வாங்குகிறவர்கள் அழுத்திப் பார்ப்பார்களே, அப்படி).

“இன்னா மாப்ள, சட்டைக்குள்ள ஆளு கீறீங்களா, இல்லியா?”

கூட்டம் சிரித்தது. போகட்டும். கதவோரம் நின்ற மீனாவும் சிரித்தாள். அதுதான் தாங்கவில்லை. கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. அதற்குள் உடம்பேற்றிக் காட்டுவதென்று செங்கல்பட்டில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன்.

“வெயிட்ட ஏத்து, எண்ணிக்கைய கம்மி பண்ணு. அப்பால ரெண்டு நாளு ரெஸ்ட்டு வுடு. அப்பத்தான் சதை புடிக்கும்” என்றார் மாஸ்டர்.

அவர் நகர்ந்ததும், பல வருஷமாக அங்கே வரும் அணுபுரத்துக்காரர் ஒருவர் என்னை ஓரங்கட்டினார். “அதெல்லாம் வேஸ்ட்டு தம்பி. வெயிட்ட கம்மியா வெச்சிக்கினு, கை செத்துப்போற வரிக்கும் தூக்குங்க.”

எது சரி? மனை பார்க்க வருகிறவர்களைப் பத்தே நிமிஷத்தில் முடிவெடுக்க வைக்கிற நான், எனக்கென்று ஒரு முடிவெடுக்க முப்பத்தெட்டு நாள் எடுத்துக்கொண்டேன். நோட்டில் கட்டம் போட்டு ஒப்பிட்டேன். வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். தினமும் ஆறு முட்டை தின்றேன். இரும்பை மட்டும் தொடவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டே நாள் இருந்தபோது நோட்டை மூடி வைத்தேன். சரி, இரண்டு முறையையும் ஒரே நாளில் செய்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றியது (மூளையும் ஐம்பத்திரண்டு கிலோவுக்கு ஏற்றதுதான்). காலையில் மாஸ்டர் சொன்னபடி, சாயங்காலம் அணுபுரத்தார் சொன்னபடி. அன்றிரவு கண்ணாடியில் புஜம் நிஜமாகவே புடைத்திருந்தது. எனக்கு ஏகப்பட்ட பெருமை.

மறுநாள் வலித்தது. முகூர்த்தத்தன்று காலையில் பல் துலக்கக்கூடக் கை வாய்க்கு வரவில்லை. பிரஷ்ஷை அசையாமல் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். வெளியே சொன்னால் சேகர் காதுக்குப் போய்விடும் என்று மூச்சு விடவில்லை.

மேடையில் மாலை மாற்றச் சொன்னார்கள். மீனா எனக்குப் போட்டுவிட்டாள். நான் அவளுக்குப் போடவேண்டிய மாலையை வயிற்றிலிருந்து நெஞ்சு வரை கொண்டுவந்தேன். அதற்குமேல் கை ஏறவில்லை. பல்லைக் கடித்து இன்னொரு முறை முயன்றேன். கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

நாதஸ்வரம் நின்றது. மீனாவின் தாய்மாமன் விறுவிறுவென்று மேடையேறினார்.

“இன்னாப்பா அழுவுற? இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிடு. எங்க பொண்ணு ஒண்ணும் வழியில கெடக்கல.”

என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேறு எவளோ இருக்கிறாள் என்று பின்வரிசையில் பேச்சே கிளம்பிவிட்டது. ஆசைப்பட்ட பெண் ஒரு முழத் தூரத்தில் நிற்கிறாள், இதோ கல்யாணம் நிற்கப்போகிறது.

மீனா முகம் வெளுத்துக் கேட்டாள். “என்னப் புடிக்கலியா?”

“ஐயோ, ரொம்பப் புடிச்சிருக்கு. கைதான் மேல வரல. முந்தாநேத்து ஜிம்முக்குப் போனேன். ரெண்டு வேள.”

என் புஜத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “நீ கீழ எறங்கு மாமா, ஒண்ணுமில்ல” என்று தாய்மாமனை அனுப்பிவிட்டு, நன்றாகக் குனிந்து, நான் பிடித்திருந்த மாலைக்குள் தானே தலையை நுழைத்துக்கொண்டாள்.

தாலி கட்டும்போது சேகர் என் பின்னால் வந்து நின்றார். என் இரண்டு முழங்கைகளையும் பிடித்து உயர்த்தினார்.

“நீ முடிச்ச மட்டும் போடு மாப்ள. தூக்குறத நான் பாத்துக்கறேன்.”

ஆல்பத்தில் அப்போது எடுத்த போட்டோ பெரிய அளவில் இருக்கிறது. “அப்பா ஓடிடுவாருன்னுதான் மாமா புடிச்சிக்கினு கீறாரா?” என்று என் மகள் வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறாள். எங்களுக்குள் சண்டை வந்தால் மீனாவின் வீட்டார் என்னைத் திட்டக் கிளம்புவார்கள். மீனா விடமாட்டாள்.

“அவர ஒண்ணும் சொல்லாதீங்க. அவரு நெஞ்சு வரிக்கும்தான் தூக்குனாரு. தலைய வுட்டது நானு.”