என் முட்டாள் தங்கையும் உயர்நிலை ஜப்பானிய மொழியும்

ஒரு மொழியைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவனால் ஊருக்கு ஆபத்து இல்லை. அவனுக்கு வாயைத் திறக்கவே பயம். நன்றாகக் கற்றவனாலும் ஆபத்து இல்லை. எங்கே பேசக் கூடாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். பாதியில் கைவிட்டு, பல வருடம் கழித்து, "விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன்" என்று கிளம்புகிறான் பாருங்கள், அவனைத்தான் வீட்டில் பூட்டி வைக்க வேண்டும். என்னை யாரும் பூட்டி வைக்கவில்லை.

இளவயதில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் சரக்கு எழுதும் வேலையில் இருந்தேன். அங்கு வந்துபோன ஜப்பானியக் கப்பல் ஒன்றின் கணக்கர் எனக்குக் கொஞ்சம் ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுத்தார். "இது என்ன?", "அது பெட்டி" என்ற அளவில் நாங்கள் உயிர் நண்பர்களாக இருந்தோம். பிறகு கோலாலம்பூரில் ரயில்வே வேலை கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பு வீடு, கல்யாணம், ஒரு மகன். ஜப்பானிய மொழி எங்கே போனது என்று தேடக்கூட நேரமில்லை.

பத்து ரோடு என்னும் கடைத்தெருவில் ஜப்பானியர் ஒருவர் புகைப்பட நிலையம் வைத்திருந்தார். ஒரு நாள் அந்த வழியாகப் போகும்போது அவர் கடைப் பலகையில் இரண்டு எழுத்துகளை என்னால் படிக்க முடிந்தது. (மீதி எழுத்துகளைப் பற்றிக் கேட்காதீர்கள்.) அந்த இரண்டு எழுத்துகள் என் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டன. சிங்கப்பூருக்கு எழுதிப் புத்தகம் வரவழைத்தேன். ஆரம்பப் பாடம், நடுத்தரப் பாடம், உயர்நிலைப் பாடம் என்று மூன்று பாகங்கள் இருந்தன. நான்தான் ஆரம்பத்தையெல்லாம் அந்தக் காலத்திலேயே முடித்தவன் ஆயிற்றே! நேராக உயர்நிலைக்குப் போனேன்.

உயர்நிலைப் பாகம் முழுவதும் பெரிய மனிதர்கள் பெரிய மனிதர்களிடம் பேசுவது எப்படி என்பதுதான். ஒரு மாதம் படித்த பிறகும் என்னால் ஜப்பானிய மொழியில் தண்ணீர் கேட்டு வாங்க முடியாது. ஆனால், "தங்கள் மேலான பாதம் பட்டதால் என் அற்பக் குடிசை ஒளி பெற்றது" என்று சொல்ல முடியும். அந்த ஊர் மரியாதையின் அடிப்படை இதுதான்: எதிராளியுடையது எல்லாம் உயர்வு, நம்முடையது எல்லாம் மட்டம். நம் வீடு குடிசை. நம் மனைவி முட்டாள் மனைவி. நம் மகனைப் பன்றிக்குட்டி என்றுகூடச் சொல்லலாம்; எவ்வளவு மட்டமோ அவ்வளவு மரியாதை. இதை என் மனைவி கிரேஸிடம் உற்சாகமாக விளக்கினேன்.

"எம்புள்ளய பன்னிக்குட்டின்னா சொன்னீங்க?" என்றாள் அவள்.

"மரியாதைக்காக, கிரேஸ்."

"ஒங்க மரியாதைய ஆபீசோட வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு மகனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்று எனக்கு ரசம் மட்டும் கிடைத்தது.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை எஸ்தருக்கு வரன் வந்தது. எங்கள் பெற்றோர் காலமான பிறகு அவள் எங்களோடுதான் இருந்தாள். மாப்பிள்ளை காப்பார் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. கிள்ளானில் நடந்த ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுக்கூட்டத்தில் அவர் பாடியதை எஸ்தர் கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டையே வீடு பெருக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரியவில்லை, கிரேஸுக்குப் புரிந்துவிட்டது. அந்த வீட்டிலிருந்தே பெண் கேட்டு வந்தபோது எஸ்தர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மாப்பிள்ளையின் தாயார் ராகேல் அம்மாள். கிள்ளானில் அவரைக் கண்டால் கோழிக் கடைக்காரன் தராசைத் துடைத்து வைப்பான் என்பார்கள். எதையும் நம்பாதவர். கொழும்பில் இருந்த அவருடைய மூத்த மகனுக்குப் பெண்ணின் படம் போக வேண்டும். அவர் சரி என்றால்தான் நிச்சயம். முன்பு ஒரு சம்பந்தத்தில் படத்தில் ஒரு முகமும் நேரில் வேறு முகமும் கண்டு ஏமாந்தவர் ராகேல் அம்மாள். அதனால், "படம் எடுக்கறப்ப நானும் கூட இருப்பேன். எதையும் பூசி மெழுகக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

பத்து ரோட்டு ஜப்பானியர் கடையையே நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லவும் வேண்டுமா? கிளம்பும்போது எஸ்தர் என் பக்கத்தில் வந்து, "அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீங்க எதுவும் பேசாதீங்க" என்றாள்.

"நான் என்னம்மா பேசப் போறேன்?" என்றேன். உண்மையில் காலையிலிருந்து குளியலறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் நன்மைக்காகத்தான் பேச நினைத்தேன். அந்த மனிதரை அவர் மொழியிலேயே, அதுவும் உயர்ந்த நடையில் குளிர்வித்தால், படத்தைத் தனிக் கவனத்தோடு எடுப்பார் அல்லவா? கூடவே இன்னொரு சங்கதியும் உண்டு. ரயில் நிலையத்தில் இறங்கியதிலிருந்து ராகேல் அம்மாள், தன் மகனுக்கு நான்கு மொழி தெரியும் என்று நான்கு முறை சொல்லிவிட்டார்.

எஸ்தரை ஒரு முக்காலியில் உட்கார வைத்தார் போட்டோக்காரர். தாடையைத் தூக்கி, தோளைத் திருப்பி, "அசையாதே" என்று மலாயில் சொல்லிவிட்டுக் காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலை வெளியே வந்தது. எல்லோரும் தன்னிடம் மலாயில் விலை கேட்டுத்தான் அவர் பார்த்திருக்கிறார். யாரும் இப்படிப் பேசியதில்லை போலும். கண் கலங்க இடுப்பு வரை குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன். அவர் இன்னும் தாழக் குனிந்தார். நான் விடுவேனா?

"என்னத்த தொலைச்சுட்டு ரெண்டு பேரும் தேடுறீங்க?" என்றார் ராகேல் அம்மாள்.

போட்டோக்காரர் பதிலுக்கு நீளமாக ஏதோ பேசினார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. (பேசுவதற்குத்தானே பயிற்சி எடுத்திருந்தேன், கேட்பதற்கு அல்லவே.) எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"தம்பி, அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"நம்ம எஸ்தரப் பத்தி நல்லதா ரெண்டு வார்த்த சொன்னேன், அம்மா."

நம்புவாரா ராகேல் அம்மாள்? நேராகப் போட்டோக்காரரிடமே திரும்பி, "அப்பா டியா சாக்காப்?" (இவர் என்ன சொன்னார்?) என்று மலாயில் விசாரித்தார். அவர் முகமெல்லாம் மலர்ச்சியாக, ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தார்: "'இவள் என் முட்டாள் தங்கை. ஒரு வேலையும் உருப்படியாகத் தெரியாது. இந்த மோசமான முகத்தைத் தங்கள் மேன்மையான காமிராவுக்குக் காட்டவே வெட்கமாக இருக்கிறது' என்கிறார். பகுஸ்! பிரமாதம்! ரொம்ப உயர்ந்த பேச்சு!"

ராகேல் அம்மாள் என்னைப் பார்த்தார். எஸ்தரைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டார்.

"கூடப்பொறந்த அண்ணன் வாயாலேயே வந்துருச்சு. நல்ல வேள. கிள்ளான் ரயில் எப்ப?"

"மூணே காலுக்கு" என்றேன். ரயில்வே ஊழியன் அல்லவா, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

எஸ்தர் முக்காலியில் அப்படியே இருந்தாள். அசையக் கூடாது என்றதால் தாடைகூட இறங்கவில்லை. கண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா அப்பா இல்லாத பெண். எங்கள் வீட்டில் அவள் இதுவரை எதையுமே கேட்டதில்லை. ஆசைப்பட்ட ஒரே விஷயத்தை நான் நாலு வரி ஜப்பானிய மொழியில் முடித்து வைத்துவிட்டேன்.

"அம்மா, அது மரியாதை! அவங்க ஊர்ல நம்ம மனுசங்கள மட்டமா சொல்றதுதான் மரியாதை!"

"தங்கச்சிய முட்டாள்ங்கிறது மரியாதையா? யார்கிட்ட கத வுடுறீங்க?"

நல்ல வேளையாக, அந்த நேரத்தில் போட்டோக்காரரின் மனைவி தட்டில் தேநீர் கொண்டு வந்தார். "இதோ பாருங்க, இவங்களே சொல்வாங்க" என்று நான் துள்ளினேன். அந்த அம்மாள் குனிந்து, இது மிக மட்டமான தேநீர், மன்னிக்க வேண்டும் என்று மலாயில் சொன்னார். நான் வெற்றிப் பார்வை பார்த்தேன். ராகேல் அம்மாள் ஒரு வாய் குடித்தார். பாலும் இல்லாமல் சீனியும் இல்லாமல் பச்சையாக இருந்தது தேநீர்.

"இந்தப் பொம்பள உள்ளதத்தான் சொல்லுது" என்று கோப்பையைக் கீழே வைத்தார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அப்போது எஸ்தர் முக்காலியிலிருந்து எழுந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ராகேல் அம்மாள் முன்னால் வந்து நின்றாள். வீட்டில் உரக்க இருமக்கூட மாட்டாள் அவள்.

"அத்தை" என்றாள். (நிச்சயம்கூட ஆகவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.) "எங்கண்ணன் அந்தப் புஸ்தகம் வாங்குனதுலேருந்து வீட்டுல இதே கததான். பெத்த மகனப் பன்னிக்குட்டிங்கிறாரு. அண்ணிய முட்டாளுங்கிறாரு. வீட்டக் குடிசைங்கிறாரு. நான் நல்லா சமைப்பேன், தைப்பேன். நீங்க வேணும்னா சோதிச்சுப் பாத்துக்குங்க. ஆனா என்னை மறுபடியும் இவர் வீட்டுல மட்டும் வுட்டுட்டுப் போயிராதீங்க!"

ராகேல் அம்மாளின் உதடு துடித்தது. கோபம் என்று நினைத்துப் பின்வாங்கினேன். ஆனால் அவர் சிரிக்க ஆரம்பித்திருந்தார். குடையை ஊன்றிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பெத்த புள்ளயவா பன்னிக்குட்டின்னாரு?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். எஸ்தருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றும் புரியாத போட்டோக்காரர் மரியாதைக்காகத் தானும் சிரித்துவிட்டு மறுபடியும் துணிக்குள் புகுந்தார்.

ராகேல் அம்மாள் தன் கையாலேயே எஸ்தரின் முந்தானையைச் சரிசெய்து உட்கார வைத்தார். என்னைத் தெருவில் நிற்கச் சொன்னார். அதற்கப்புறம் எடுத்த படம் கொழும்புக்குப் போய், அங்கிருந்து சம்மதமும் வந்தது. கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. வந்தவர்களுக்கு நன்றி சொல்ல நான் எழுந்தபோது, இரு வீட்டாரும் சேர்ந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

இப்போது எஸ்தர் இரண்டு பிள்ளைகளின் தாய். கிள்ளானில் அவர்கள் வீட்டுக்குப் போனால் நீங்களே பார்க்கலாம். விருந்தாளி உட்கார்ந்ததும் ராகேல் அம்மாள் காபியைக் கொண்டு வந்து வைத்து, "எம் முட்டாள் மருமவ போட்ட காப்பி. வாயில வைக்க வெளங்காது, குடிச்சுப் பாருங்க" என்பார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை இருக்கும். எஸ்தர் கதவோரம் நின்று சிரிப்பாள். பேரப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இதுதான் எங்க வீட்டுப் பன்னிக்குட்டிங்க" என்று அணைத்துக்கொள்வார். அந்த வீட்டில் யாரையாவது மட்டமாகச் சொல்கிறார்கள் என்றால், அவர்மேல் கொள்ளை ஆசை என்று அர்த்தம். கிரேஸ் போனால்கூட "இந்த ஒண்ணுந் தெரியாதவள" என்றுதான் இழுத்து உட்கார வைக்கிறார்.

நானும் ஒவ்வொரு தடவையும் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் முறை வரும்போது ராகேல் அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து, விருந்தாளிகளிடம் மிகுந்த மரியாதையோடு சொல்வார்: "இவர்தான் எஸ்தரோட அண்ணன். ரொம்ப ரொம்பப் புத்திசாலி."