எட்டாம் சுற்றில் ஓர் அடி

மார்ஸ்டன், ஓஹாயோ
1909 ஆகஸ்ட் 19, வியாழன்

டொலீடோவில் இருக்கும் அன்புத் தங்கை ஒட்டிலிக்கு, அண்ணன் ஆகஸ்ட் எழுதுவது. நான் சுகம். உன் சுகத்தை விசாரிக்க இந்த வாரம் எனக்கு முகமில்லை.

உன் கணவன் வெண்டலை நியூயார்க்கின் பெரிய பேஸ்பால் அணி பந்துவீச எடுக்கவில்லை. நேற்று வந்த தந்தியை நம் ஊர் அணியின் மேலாளர் டோலன் என் கையிலேயே கொடுத்தார். "வயது முப்பத்துநான்கு. ஓர் அடிகூட விடாத ஆட்டம் என்றால் யோசித்திருப்போம்" என்றிருந்தது.

அந்த அடியை எழுதியவன் நான்தான். இங்கே ஆட்டச் செய்தி எழுதும் நிருபரே அதிகாரபூர்வக் கணக்கும் எழுதுவார். பதினெட்டு வருடமாக எழுதுகிறேன். சனிக்கிழமை ஏழு சுற்றுவரை வெண்டலின் பந்தை எதிரணியில் ஒருவனும் உருப்படியாக அடிக்கவில்லை. எட்டாவதில் ஒரு பந்து உருண்டு நம் தடுப்பாளன் மக்கார்ட்டியின் கால்களுக்கு நடுவே போயிற்று. அவன் தவறவிட்டான் என்று எழுதினால் அது அடிக் கணக்கில் வராது, வெண்டலின் பெயர் நாடெங்கும் அச்சாகும். அந்த வேகத்தை எந்த மனிதனும் தடுத்திருக்க முடியாது என்பது என் கணிப்பு. 'அடி' என்று எழுதினேன்; அந்த ஆட்டம் முழுவதிலும் அது ஒன்றுதான். ஆட்டம் முடிந்ததும் வெண்டல் நிருபர் மேடைக்கே ஏறிவந்து, "மச்சான், அவன் காலுக்கு நடுவுல குதிரைவண்டியே போயிருக்கும்! அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றான், "கண்ணால பாத்ததத்தான் எழுதுவேன்" என்றேன், "பதினோரு வருஷமா தோளக் கழட்டிப் போட்டுருக்கேன், ஒரு வரி எழுத உனக்குக் கை வரலியா?" என்று அவன் கத்த, கீழே நின்ற மக்கார்ட்டி, "ரீமர் சார் சொன்னா சரிதாங்க, பந்தா அது, துப்பாக்கிக் குண்டு!" என்று சாட்சிக்கு வர, வெண்டல் எறிந்த கையுறை பட்டு மைப்புட்டி கவிழ்ந்து என் ஒரே வெள்ளைக் கால்சட்டை நாசமாக, "மாப்பிள்ளைங்கிறதுக்காகப் பொய் எழுத மாட்டேன்" என்று நான் முழங்கினேன். கூட்டம் கைதட்டியது.

இப்போது அவனை இந்தியானாவில் ஒரு கீழ்நிலை அணிக்கு அனுப்புகிறார்கள். வாரத்தில் மூன்று ஆட்டம் வீசவேண்டும். அந்தத் தோள் அக்டோபரைத் தாண்டாது. அவன் என்னை ஏசட்டும். உன் அண்ணன் நேர்மையானவன் என்பதையாவது நீ நம்பு. கர்த்தர் உங்களைக் காக்கட்டும், குழந்தைக்கு முத்தம்.

ஆகஸ்ட் ரீமர்

பி.கு.: ஒட்டிலி, அந்தப் பந்தை நான் பார்க்கவில்லை. கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியை பெஞ்சுக்கடியில் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது மட்டைக்காரன் ஓடிப்போய் முதல் 'பேஸ்' தளத்தில் பத்திரமாக நின்றான். "என்னப்பா ஆச்சு?" என்று பக்கத்தில் ஆட்டச் செய்தி அனுப்பும் தந்திக்காரரைக் கேட்டேன். "ஆளு ஓடிட்டான்" என்றார். மேற்கொண்டு கேட்க வெட்கமாயிருந்தது. இன்று காலை இதை அப்படியே எழுதி லீக் தலைவருக்குத் தந்தியில் அனுப்பிவிட்டேன். கணக்கைத் திருத்துவாரா என்பது செவ்வாய்க்கிழமை தெரியும் என்கிறது அவர் அலுவலகம். வெண்டலின் ரயில் திங்கட்கிழமை காலை.