ராதோய்கா எடுத்த அளவு

வந்திறங்கிய சுருள்திரை, சாப்பாட்டறை ஜன்னலைவிட ஒரு சாண் அகலமாக இருந்தது. ஷிவ்கோ அதை ஜன்னலோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

“அளவு எடுத்தது யாரு?”

“நான்தான்,” என்றாள் ராதோய்கா. “ரெண்டு தடவை எடுத்தேனே.”

“ரெண்டையும் கூட்டிட்ட போல.”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் செர்பியாவின் நிஷ் நகரத்து ரயில்பெட்டிப் பட்டறையில் மேற்பார்வை பார்க்கிறவர். இவ்வளவு நல்ல பேச்சை வீட்டுக்குள்ளேயே வீணாக்க மனம் வரவில்லை. பட்டறையில் சொன்னார். கீழ்வீட்டுக்காரரிடம் கைகளை அகல விரித்து நடித்தே காட்டினார். காய்கறிப் பையோடு பின்னால் வந்த ராதோய்கா, அவர் கை இறங்கும்வரை படியிலேயே தலைகுனிந்து நின்றாள்.

திரையைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ஷிவ்கோ கேட்கவில்லை. புனித ஜார்ஜ் நாள் குடும்ப விருந்து நெருங்கிவிட்டது. போன வருடம் வெயில் நேராக மேஜையில் அடித்து, அவள் அண்ணன் நெனாத் கண்ணை இடுக்கிக்கொண்டே சாப்பிட்டுப் போனான்.

“பட்டறையில பெட்டியையே அறுத்து ஒட்டுறோம். இது வெறும் துணி,” என்றார்.

திரை சுற்றியிருந்த குழாயை ரம்பத்தால் அறுத்தார். சரியாகவே வந்தது. துணியைச் சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டினார். அது கோணிக்கொண்டு போனது. மாட்டிச் சுருட்டினால் ஒரு பக்கமாக ஏறிப்போய்ப் பாதியில் சிக்கிக்கொண்டது. கோணலைச் சரிசெய்ய இந்தப் பக்கம் கொஞ்சம் வெட்டினார். அதற்கு ஈடாக அந்தப் பக்கம் கொஞ்சம். ஒருவழியாகத் துணி நேரானபோது, இரண்டு ஓரத்திலும் வெயில் தாராளமாக உள்ளே வந்தது.

வெட்டிய துண்டுகளையே ஓரங்களில் ஒட்டினார். பசை காயும்முன் சுருட்டியும் வைத்தார்.

விருந்தன்று, வெள்ளை விரிப்பில் ரொட்டியும் மெழுகுவத்தியும் வைத்த பிறகு, திரையை இறக்கப் போனார். அது தன்னோடு தானே ஒட்டிக்கொண்டிருந்தது. பலமாக இழுத்தார். திரை விரியவில்லை, அதைத் தாங்கிய இரும்புதான் ஆணியோடு பெயர்ந்து வந்தது. சுவர்க் காரை முழுவதும் ரொட்டியின்மேல் கொட்டியது.

ராதோய்கா காரையைப் பொறுக்கத் தொடங்கினாள்.

“ஏதாவது சொல்லேன்.”

“நான் என்ன சொல்றது? தப்பா அளந்தவ நான்தானே.”

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினாள். ஷிவ்கோவுக்கு அதுதான் தாங்கவில்லை. படியில் அவள் தலைகுனிந்து நின்றது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. எல்லார் முன்னாலும் கேலி செய்தோம், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்பதுதான் முறை என்று முடிவு செய்தார்.

விருந்தினர்கள் வந்தார்கள். நெனாத் கண்ணை இடுக்கியபடியே சுவரிலிருந்த ஓட்டையைப் பார்த்தான். ஷிவ்கோ பிராந்திக் கிண்ணத்தோடு எழுந்தார். முகம் காது மடல்வரை சிவந்திருந்தது.

“ராதோய்காவை நான் ஊர் பூரா கேலி பண்ணிட்டேன். அவ தப்பா அளந்தது ஒரு சாண்தான். முழுசா நாசம் பண்ணினவன் நான். அவ அளவை நான் மன்னிச்சுட்டேன், என் வேலையை அவ மன்னிக்கணும்.”

ராதோய்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் வாழ்நாளிலேயே பெருந்தன்மையான காரியம் ஒன்றைச் செய்துவிட்டதாக ஷிவ்கோவுக்குத் தோன்றியது.

அப்போது மேல்வீட்டு யாகோதா, நீளமான அட்டைப்பெட்டி ஒன்றை அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

“ராதோய்கா, வீட்டுக்கு வெள்ளையடிச்சதுல இன்னிக்குத்தான் இதைப் பிரிச்சேன். மேல உன் பேரு போட்டிருக்கு, மாறி வந்துருக்கு. எங்க ஜன்னலுக்கு ஒரு சாண் பத்தல,” என்றவள் ஷிவ்கோவைப் பார்த்தாள். “எங்களோடது உங்ககிட்டதானே வந்திருக்கும், பத்திரமா வெச்சிருக்கீங்கல்ல அண்ணே?”